கடைசி வரி தெரிய வேண்டும்

பேச்சின் நடுவிலேயே எதிரில் இருப்பவரின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிடுவாள் என் தங்கை. வாயால் ஊதி, துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திரும்ப அவர் காதில் மாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். தபால்காரர், டாக்டர், நாத்தனார் என்று ஆள் பார்ப்பதில்லை. புடவைத் தலைப்பால் துடைத்தால் கீறல் விழுமாம். அதற்கென்றே இடுப்பில் ஒரு நீலத் துணி. "எப்படிங்க இதை வச்சுப் பாக்குறீங்க? எண்ணெய்ல பொரிச்ச மாதிரி இருக்கு" என்பாள்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடம் ஆகிறது. ஒரு லென்ஸின் வழியே கதவுச் சட்டத்தைப் பார்த்து, இப்படியும் அப்படியும் அசைத்து, "ஒன்னே முக்கால்" என்பாள். மெஷினில் வைத்தால் பவர் ஒன்றே முக்கால்தான் இருக்கும். நான் மூன்று முறை பக்கத்தில் நின்று சரிபார்த்திருக்கிறேன்.

அவள் வீட்டில் ஓர் ஆமை இருக்கிறது. கழுத்தை நீட்டி எல்லோரையும் பார்க்கும், ஒரு வேலையும் செய்யாது. அதனால் மேனேஜர் என்று பெயர். எண்பது லிட்டர் தொட்டி. மாற்றிய தண்ணீர் இரண்டே நாளில் கழுநீர் ஆகிவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளியே நடமாடும் மாப்பிள்ளை, கடைசியில் கெடு வைத்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள தண்ணி தெளியணும். இல்லன்னா அதை எங்க ஆபீஸ் வாட்ச்மேன்கிட்ட குடுத்துடுவேன். அவர் வீட்டுப் பின்னாடி குட்டை இருக்கு."

"தெளியணும்னா எவ்வளவு?" என்று கேட்டாள் இவள். அவர் யோசிப்பதற்குள், கடையில் கழித்துப்போட்ட கண் பரிசோதனை அட்டையைக் கொண்டுவந்து தொட்டியின் பின்பக்கம் ஒட்டிவிட்டாள். பத்தடி தள்ளிக் கிடக்கும் நாற்காலியிலிருந்து தண்ணீர் வழியே கடைசி வரியை அவர் படித்துவிட்டால், மேனேஜர் இருக்கலாம். மாப்பிள்ளை கணக்கு வழக்கில் கறாரானவர். ஒத்துக்கொண்டார்.

முதலில் வாங்கியது தொட்டிக்குள் ஒட்டவைக்கும் சின்ன ஃபில்டர். இவள் உட்கார்ந்து பார்த்தாள். நான்காவது வரியோடு நின்றது. அடுத்தது பஞ்சு வைத்தது. பஞ்சை மேனேஜர் பிய்த்துப் போட்டுவிட்டார். மூன்றாம் முறை மீன் கடைக்கு நானும் கூடப் போனேன்.

"எண்பது லிட்டர் மீன் தொட்டிக்கு நீங்க வாங்கினதே தாராளம்மா" என்றார் கடைக்காரர்.

"மீன் கொறிக்கும். இது கிழிக்கும், மிதிக்கும், அங்கயே வெளிக்கும் போகும். மூணு மடங்கு தொட்டிக்கு உள்ளது குடுங்க."

"அது வெளியில வைக்கிற பெரிய டப்பா. தண்ணி வர்ற வேகத்துல ஆமை உருண்டுடும்."

"குழாயைக் கண்ணாடிச் சுவத்துப் பக்கம் திருப்பிட்டா வேகம் செத்துடும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "என் தங்கச்சி" என்றேன். வேறென்ன சொல்வது? பெட்டியைக் கட்டிக் கொடுப்பதற்குள் அவருடைய கண்ணாடியும் துடைபட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. நான் கடைசி வரியைப் படித்தேன். இவளும் படித்தாள். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து ஐந்தாவது வரி வரை வந்தார். பிறகு கண்ணைச் சுருக்கினார். மேனேஜரைப் போலவே கழுத்தை நீட்டினார்.

"கலங்கல்தான். வாட்ச்மேனை வரச் சொல்லிடுறேன்."

"மாப்ள, நான் இப்பத்தான் படிச்சேன்."

"நீங்க மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்பீங்க மச்சான். அண்ணனும் தங்கையும் ஒரே கட்சி."

தங்கை வாதாடவில்லை. அட்டையை உரித்தெடுத்து, தொட்டிக்குப் பக்கத்தில் வெறும் சுவரில் பிடித்தாள். "இப்பப் படிங்க."

மாப்பிள்ளை ஐந்தாவது வரி வரை வந்தார்.

"இங்க தண்ணி இல்லீங்க."

"வெளிச்சம் பத்தல."

கண்ணாடி போட்டால் கிழவன் மாதிரி இருக்கும் என்று நான்கு வருடமாகக் கடைப் பக்கமே தலைகாட்டாதவர் அவர். இவள் கைப்பையைத் திறந்து, கடையில் கண் சோதிக்க மாட்டிவிடும் கனத்த வட்டச் சட்டத்தை எடுத்தாள். கூடவே ஒரு பொட்டலம் லென்ஸ். ஆமைக்கு ஃபில்டர் வாங்கிய வாரத்தில் அதெல்லாம் பைக்குள் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகச் செருகினாள், எடுத்தாள், செருகினாள். அட்டை மறுபடி தொட்டிக்குப் பின்னால் போனது.

மாப்பிள்ளை கடைசி வரியைத் தடங்கல் இல்லாமல் படித்தார். பிறகு சட்டத்தைக் கழற்றாமல் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு முகத்துல மஞ்சக் கோடு இருக்கா?"

"நாலு வருஷமா இருக்கு."

இவள் ஃபில்டர் பெட்டியின் மூலையைக் கிழித்து, இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் லென்ஸ் பவரை எழுதினாள். அவர் அதற்காகக் கையை நீட்டினார். கொடுக்காமல், "நானே தேச்சுக் கொண்டாறேன்" என்று தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.