பின்பக்கம் மட்டும் தெரிந்த வீடு

அபுதாபிக்கு வெளியே, முசஃபாவில் நான் வேலை பார்த்த ஒர்க் ஷாப்புக்கு எல்லா வகைக் காரும் வரும். டயர் மாற்றுவதும் அலைன்மென்ட் பார்ப்பதும் என் வேலை. வாசலில் நிற்கும் காரை எடுத்து ராம்ப் மேல் ஏற்றுவேன். வேலை முடிந்ததும் இறக்கி, திரும்பவும் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவேன். அப்படிப் பார்த்தால் நான் ஓட்டாத கார் அந்த நாட்டில் குறைவு. ஆனால் ஒன்றைக்கூட கேட்டைத் தாண்டி ஓட்டியதில்லை. என் விசாவில் எழுதியிருந்த வேலைக்கு லைசென்ஸ் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். நானும் மேற்கொண்டு யாரிடமும் கேட்கவில்லை. கேட்பது எனக்கு எப்போதுமே கஷ்டமான காரியம்.

நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பிலிருந்து ஒர்க் ஷாப்புக்கு கம்பெனி வண்டி இருந்தது. அதைத் தவிர வேறு எங்கே போக வேண்டும் என்றாலும் யாராவது மனது வைக்க வேண்டும். ரோடு அகலமாக, பளபளவென்று கிடக்கும். ஆனால் நடந்து போகிறவனுக்கு அதில் இடம் கிடையாது. நடைபாதை கொஞ்ச தூரம் வந்து, மணலில் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை டாக்சிக்கு நின்றால் வெயிலில் தலை காய்ந்ததுதான் மிச்சம். கேம்ப் பக்கம் நிற்கிற ஆளைப் பார்த்தால் டிரைவர் வேகத்தைக் கூட்டுவான். கார் இல்லாதவனுக்கு அந்த ஊரில் காத்திருப்பது ஒரு இரண்டாவது டூட்டி.

எனக்கு அந்த நாட்டில் ஒரு சொந்தம் இருந்தது. என் தங்கச்சி. எங்கள் வீட்டில் அவள்தான் காலேஜ் வரை போனவள். மாப்பிள்ளைக்கு அபுதாபி டவுனில் ஆபீஸ் வேலை. முரூர் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய கட்டிடத்தில், மூன்று குடும்பம் பங்கு போட்டுக்கொண்ட ஃபிளாட்டில் ஒரு அறையும் கிச்சனில் பாதியும் அவர்களுக்கு. ஒரு பெண் குழந்தை. என் கேம்ப்புக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பாலம். காரில் போனால் பேச்சு தொடங்குவதற்குள் வந்துவிடும். கார் இல்லையென்றால் அவள் ஊரில் இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றுதான்.

மாப்பிள்ளை நல்ல மனுஷர். மாசத்தில் ஒரு வெள்ளியாவது போன் பண்ணுவார். "மச்சான், பத்து மணிக்கு கேட்டுக்கு வந்துருங்க" என்பார். நான் ஒன்பதுக்கே குளித்து, நல்ல சட்டை போட்டு, கேட்டில் நிற்பேன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கிரீஸ் வாசம் கையை விட்டுப் போகாது. அவர் காரில் ஏறினால் கையை மடியிலேயே வைத்துக்கொள்வேன். கதவுக் கைப்பிடியைக்கூடத் தொட மாட்டேன். அவர் ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. எனக்குத்தான் அப்படி.

வீட்டுக்குப் போனால் சாப்பாடு தயாராக இருக்கும். தங்கச்சி அடுப்புக்கும் எனக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் பேச முடியாது. பக்கத்து அறைக்காரர்கள் கிச்சனுக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள். சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "அப்பறம் அண்ணே..." என்று ஆரம்பிப்பாள். சரியாக அந்த நேரத்தில் மாப்பிள்ளை டி.வி. மேலிருந்து கார்ச் சாவியை எடுப்பார். அவர் மேல் தப்பில்லை. வாரத்தில் ஒரே ஒரு லீவு. என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துதான் அவர் படுக்க முடியும். சாயங்காலம் ஆகிவிட்டால் பாலத்தில் டிராஃபிக். சாவிச் சத்தம் கேட்டதும் நான் எழுந்துவிடுவேன். தங்கச்சியும் எழுந்துவிடுவாள். அந்த 'அப்பறம் அண்ணே'வுக்குப் பிறகு என்ன வரும் என்பது மூன்று வருஷமாக எனக்குத் தெரியாது.

கேம்ப்புக்குத் திரும்பியதும் கட்டிலில் படுத்துக்கொண்டு அதையே நினைப்பேன். ஏதாவது கஷ்டமாக இருக்குமோ? மாமியார் வீட்டில் ஏதாவது பிரச்சினையோ? போனில் கேட்கலாம்தான். ஆனால் போனில் அவள் "நல்லாருக்கேன்" என்பாள், நானும் "நல்லாருக்கேன்" என்பேன். எங்கள் வீட்டில் போனில் பேசத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் கொஞ்ச நேரம் இருந்து, அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பேச்சு வரும். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் கார் கொடுக்கவில்லை.

அந்த வருஷம் வாடகை தாறுமாறாக ஏறியது. நிறைய பேர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பினார்கள். தங்கச்சியையும் குழந்தையையும் அனுப்புவது என்று மாப்பிள்ளை முடிவு பண்ணினார். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஃபிளைட். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என்னைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். அந்த வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, போன் வந்தது.

"மச்சான், இந்த வெள்ளி எனக்கு டூட்டி போட்டுட்டாங்க. ஆபீஸ்ல ஆடிட்டு. ஃபிளைட்டுக்கு முன்னாடி ஒருநாள் சாயந்தரம் வந்து கூட்டிட்டு வர முடியுதான்னு பாக்குறேன்."

"பரவால்ல மாப்ளே, நீங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். வாரநாளில் எனக்கு வேலை முடிய எட்டாகும் என்பதை அவர் மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஏர்போர்ட்டுக்கும் போக முடியாது. பெட்டிகளை ஏற்றினால் அந்தச் சின்னக் காரில் அவர்களுக்கே இடம் பத்தாது.

அப்போதுதான் புதிதாக பஸ் விட ஆரம்பித்திருந்தார்கள். கேம்ப் பக்கத்து மெயின் ரோட்டில் ஒரு கம்பத்தை நட்டு, பலகை மாட்டியிருந்தார்கள். நிழல் கிடையாது, பெஞ்ச் கிடையாது. இது எங்கே வரப் போகிறது என்று எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒருநாள் நிஜமாகவே பஸ் வந்தது. போன் வந்த மறுநாள் இரவு சாப்பிடும்போது, நாளைக்கு அதில் போகிறேன் என்று சொன்னேன். மன்னார்குடிக்காரர் ஒருத்தர் என் மேல் கட்டிலில் இருந்தார். அவர்தான் கிண்டல் பண்ணினார்.

"பஸ்லயா? ஏசிக் காத்துல தூங்கிப்புடாதய்யா. முழிச்சுப் பாத்தா துபாய்ல இருப்ப."

"இவன் தூங்க மாட்டாண்ணே" என்றார் இன்னொருத்தர். "இறங்கணும்னு டிரைவர்கிட்டச் சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டே துபாய் போயிருவான்."

தங்கச்சியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் மாப்பிள்ளைக்குப் போன் போகும். அவர் டூட்டியை விட்டுவிட்டு வந்து கேட்டில் நிற்பார்.

பஸ்ஸில் உயரத்தில் உட்கார்ந்து பார்த்தபோது அதே ரோடு வேறு மாதிரி இருந்தது. கார்க் கூரைகளாகத் தெரிந்தன. பாலத்தில் தண்ணீர் தெரிந்தது. அத்தனை தடவை அதைத் தாண்டியிருக்கிறேன், கீழே தண்ணீர் பச்சையாக இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். முரூர் ரோட்டில் நிறைய பேர் இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன்.

இறங்கி நின்ற பிறகுதான் விஷயம் புரிந்தது. எனக்குத் தங்கச்சி வீடு தெரியாது.

மூன்று வருஷமாகப் போய்வந்த வீடு. ஆனால் மாப்பிள்ளை கார் எப்போதும் கட்டிடத்துக்குப் பின்னால்தான் நிற்கும். பார்க்கிங் அங்கேதான். பின் வாசல் வழியாக லிஃப்ட், லிஃப்ட்டிலிருந்து வீடு. திரும்பி வருவதும் அதே வழி. கட்டிடத்தின் முன்பக்கத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ரோட்டைப் பார்த்து நின்ற கட்டிடங்கள் எல்லாம் கண்ணாடியும் போர்டுமாக ஒரே மாதிரி இருந்தன. கட்டிடத்தின் பெயர் தெரியாது. நம்பர் தெரியாது. போன் பண்ணிக் கேட்க மனசு வரவில்லை. மூன்று வருஷம் சாப்பிட்ட வீட்டுக்கு வழி கேட்பதா?

ஒவ்வொரு கட்டிடத்தின் பக்கத்துச் சந்திலும் நுழைந்து, பின்பக்கம் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பின்பக்கம்தான். பச்சை போர்டு போட்ட ஒரு குரோசரி, அதை ஒட்டி ஒரு லாண்டரி, மேலே ஏசிகளிலிருந்து சொட்டுகிற தண்ணீர், கீழே அது தேங்கி நிற்கும் ஒரு குழி. மாப்பிள்ளை அந்தக் குழியில் இறங்காமல் காரை ஒடிப்பார். முதல் கட்டிடத்தின் பின்னால் குரோசரி இருந்தது, லாண்டரி இல்லை. அடுத்ததன் பின்னால் ஒரு சலூன். ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வாட்ச்மேன், "கியா பாய், கிஸ்கோ டூண்டுதா?" என்று இந்தியில் கேட்டார், யாரைத் தேடுகிறேன் என்று. நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். எத்தனை சந்து என்று தெரியாது. கடைசியில் ஒரு இடத்தில் தலையில் சொட்டு விழுந்தது. கீழே பார்த்தேன், அந்தக் குழி. அவ்வளவு சந்தோஷமாக ஒரு அழுக்குத் தண்ணீரை நான் பார்த்ததில்லை.

கதவைத் திறந்த தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"யாரு கூடண்ணே வந்த? அவுங்க கீழ நிக்கிறாங்களா?"

"இல்ல. நாந்தான் வந்தேன்."

"நீ எப்படி?"

"பஸ்ல."

குழந்தை உள்ளேயிருந்து ஓடி வந்தது. "மாமா, வேர் இஸ் யுவர் கார்?"

"மாமாவோட கார் ரொம்பப் பெருசு" என்றாள் தங்கச்சி. "உள்ள நிறைய பேரு உக்காரலாம்."

சோறு மட்டும்தான் இருந்தது, குழம்பு வைக்கவில்லை என்று புலம்பினாள். ரசம் வைத்து முட்டை பொரித்தாள். அறை முழுக்கப் பெட்டிகள். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். பழக்கத்தில் இரண்டு பேருமே டி.வி. பக்கம் பார்த்தோம். அங்கே சாவி இல்லை. அவள் சிரித்துவிட்டாள்.

"அப்பறம் அண்ணே..."

நான் பயந்துகொண்டுதான் கேட்டேன். பக்கத்து அறைக்காரி ஃப்ரிட்ஜில் கோடு போட்டு இடம் பிரித்ததைச் சொன்னாள். குழந்தை ஸ்கூலில் தமிழே பேசுவதில்லை என்றாள். ஊரில் வாங்கிய குக்கரின் கைப்பிடி உடைந்ததை, அதற்கு இங்கே கைப்பிடி கிடைக்காததை, அதே குக்கரை இப்போது திரும்ப ஊருக்குக் கொண்டுபோவதைச் சொன்னாள். இடுப்பு வலி கொஞ்ச நாளாக இல்லை என்றாள். பெரிய விஷயம் எதுவும் வரவில்லை. மூன்று வருஷமாக நான் பயந்தது எதுவும் அதில் இல்லை. அவளுக்கும் சும்மா பேச வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கேட்க வேண்டியிருந்ததும் அதுதான்.

நடுவில் மாப்பிள்ளை போன் பண்ணினார். இந்தப் பக்கம் மட்டும் எனக்குக் கேட்டது.

"ஆமா, அண்ணன் வந்துருக்கு. பஸ்ல. நெசமாத்தாங்க, பஸ்ல. வேணாம், நீங்க வர வேணாம். அது எப்ப போகணுமோ அப்பப் போகும்."

போனை வைத்துவிட்டு, "என்னையும் அதுல கூட்டிட்டுப் போண்ணே" என்றாள். "இந்த ஊருக்கு வந்ததுலருந்து ஒரு தெரு பேரு தெரியாது எனக்கு. கார்ல ஏர்றேன், எறங்குறேன். அவுங்க ஆபீஸ் போயிட்டா இந்த ரூமுதான்."

டவுனுக்குள் ஓடிய பஸ்ஸில் அப்போது டிக்கெட் கேட்கவில்லை. "சும்மாவா?" என்று ஆச்சரியப்பட்டாள். "இத முன்னாடியே விட்டுருந்தா நான் தினம் ஒரு ரவுண்டு போயிருப்பேனே." கடற்கரை ரோடு, கார்னிச் வரைக்கும் போனோம். பெண்களுக்கு முன் சீட்டு என்பதால் அவளும் குழந்தையும் முன்னால், நான் பின்னால். அவள் அடிக்கடி திரும்பிப் பார்த்து, ஏதாவது ஒன்றைக் கையால் காட்டுவாள். நான் தலையாட்டுவேன். கடலோரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். குழந்தை மணலை வாரி என் செருப்பில் போட்டுக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவள் கடலைப் பார்த்தபடி சொன்னாள்.

"எப்பவாச்சும் பாலத்து வழியா கார்ல போவோம்ல. அந்தப் பக்கந்தான் அண்ணன் இருக்குன்னு நெனச்சுக்குவேன். வர முடியலன்னாலும் பாலத்துக்கு அந்தப் பக்கம்னு ஒரு கணக்கு இருந்துச்சு. இனிமே எந்தப் பக்கம்னு நெனைக்கிறது?"

"குழந்தைக்கு ஜூஸ் வாங்கவா?" என்று கேட்டேன். "வாங்கு" என்றாள்.

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அவர்களை வழியில் இறக்கிவிட்டு, நான் அப்படியே பஸ் ஸ்டேஷன் போய் முசஃபா பஸ்ஸைப் பிடிப்பதாக ஏற்பாடு. அவள் முன்னால் உட்கார்ந்திருந்தாள், குழந்தை மடியில் தூங்கிவிட்டது. இறங்க வேண்டுமென்றால் சீட்டுப் பக்கத்துக் கம்பியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். மற்றவர்கள் அழுத்துவதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருந்தோம்.

அவள் கட்டிடம் தூரத்தில் வந்தது. மத்தியானம் கிளம்பும்போது பார்த்ததில், இப்போது அதன் முன்பக்கம் எனக்குத் தெரியும். கீழே ஒரு கண்ணாடிக் கடை, அதற்கு மேல் நீல போர்டு. நான் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கையைத் தூக்கினால் போதும், தூக்கவில்லை. ஸ்டாப்பில் ஏறுவதற்கு யாரும் நிற்கவில்லை. பஸ் வேகத்தைக் குறைக்காமல் போனது. நீல போர்டு ஜன்னலில் வந்து, பின்னால் போய்விட்டது.

தங்கச்சி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கைக்குப் பக்கத்திலும் ஒரு பொத்தான் இருந்தது, அதை அவளும் அழுத்தவில்லை.