ரெஜியின் ஒன்பது மணிகள்

லண்டனில் டூட்டிங் கோயில் வாசலில் ருத்திராட்ச மாலை வாங்கியவர்கள் அது காசியிலிருந்து வந்தது என்றே நம்பினார்கள். கட்டியவரோ அடுத்த தெருவில்தான் இருந்தார். சிவனேஸ்வரிக்குப் பகலில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஷிப்ட், பின்னேரத்தில் மாலை கட்டும் வேலை. மணிக்கு மணி முடிச்சு. ஒன்றுகூட அறுந்ததாகப் பேச்சில்லை. யாராவது புகழ்ந்தால், "அதிலை என்ன கிடக்கு" என்று கையை உதறுவார். பெயரைக் காசி தட்டிக்கொண்டு போனது அவருக்கு உள்ளூரச் சுட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு ரெஜி ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வெள்ளைக்காரர்தான், ஆனால் தேவாலயத்துக்குப் போகாதவர். கிறிஸ்தவம் வருமுன் அவருடைய முன்னோர் கும்பிட்ட ஓடின், தோர், ஃபிரேயா போன்ற பழைய தெய்வங்களையே கும்பிட்டார்.

"வெள்ளைக்காரருக்கும் இத்தனை சாமியோ?" என்று கணவர் குலசேகரம் சிரித்தார்.

"ஏன், நாங்கள் மட்டும் குத்தகைக்கு எடுத்தனாங்களோ?" என்றார் சிவனேஸ்வரி.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் நீரிழிவு ரெஜியின் பார்வையைப் பறித்தது. புத்தகத்தைப் பார்த்து வேண்டுதல் சொல்ல இனி வழியில்லை. சிவனேஸ்வரி உருட்டுவது போலத் தனக்கும் ஒரு மாலை வேண்டும் என்று கேட்டார். ஒன்பது மணி போதும், அந்தத் தெய்வங்களைக் கும்பிடுவோருக்கு ஒன்பதுதான் புனிதமான எண்.

சிவனேஸ்வரி அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் ருத்திராட்சம் தேடிக் கோத்துக் கொண்டுபோனார். ரெஜி உருட்டிப் பார்த்தார். அழகுதான், ஆனால் எல்லாம் ஒன்றாக இருக்கிறதே என்றார். ஒவ்வொரு மணிக்கும் வேறு தெய்வம், வேறு வேண்டுதல். விரல் யாரைத் தொடுகிறது என்று எப்படித் தெரியும்?

சிவனேஸ்வரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரே நாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவருக்கு மணிகள் ஒத்திருப்பதுதானே அழகு! வீட்டுக்கு வந்து கண்ணை மூடித் தன் மாலையை உருட்டினார். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியவில்லை. கோபம் ரெஜியை விட்டுத் தன்மேல் திரும்பியது.

பிறகு சனிக்கிழமைகள் அலைச்சலில் போயின. தோருக்கு இரும்புக்கடை நட், ஃபிரேயாவுக்குத் தொட்டால் இளஞ்சூடு காட்டும் அம்பர் என்ற மரப்பிசின் கல், கடல் தெய்வத்துக்குச் சிப்பி. கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்தார். இரண்டு மணிகள் விரலை ஏமாற்றின. அறுத்துப்போட்டு மறுபடி கோத்தார். அந்த நாட்களில் குலசேகரத்துக்குப் பாணும் சம்பலும்தான் கிடைத்தன.

புது மாலையை வாங்கி ரெஜி ஒன்பது பெயரையும் தடுமாறாமல் சொன்னார். சொல்லி முடித்து அழுதார். சிவனேஸ்வரிக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

கோடையில் ரெஜியின் தோட்டத்தில் அதே தெய்வங்களைக் கும்பிடும் அவருடைய கூட்டத்தார் கூடினார்கள்; சிவனேஸ்வரியும் குலசேகரமும் போயிருந்தார்கள். மாட்டுக்கொம்பில் பானம் ஊற்றிக் கைமாற்றுவது அவர்கள் வழக்கம். முதல் சுற்று தெய்வங்களுக்கு, அடுத்தது இறந்தவர்களுக்கு. மூன்றாவதில் ஒவ்வொருவரும் தான் செய்ததைப் பெருமையாகச் சொல்ல வேண்டும். அடக்கமாக இருப்பதுதான் அங்கே மரியாதைக் குறைவு. ஒருத்தி ரெஜியின் மாலையைத் தடவி, அந்தத் தெய்வங்களுக்குப் பேர்போன ஐஸ்லாந்தில் வாங்கியதா என்று கேட்டாள். ரெஜி ஆப்பிள் ஜூஸ் நிறைந்த கொம்பைச் சிவனேஸ்வரியின் பக்கம் நீட்டினார்.

கொம்பு கனத்தது.

"நன்றி எண்டு சொல்லிப்போட்டு அடுத்த ஆளிட்டைக் குடும்," என்று குலசேகரம் கிசுகிசுத்தார்.

சிவனேஸ்வரி எழுந்தார். அது தன் கைவேலை, டூட்டிங்கில் தன் குசினி மேசையில் கட்டியது என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். எல்லோரும் ஆரவாரித்தார்கள். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. காசி மாலைகளும் தன்னுடையவைதான் என்றார். ஷிப்டுக்கு நடுவே இரண்டு பிள்ளைகளை வளர்த்ததையும், எந்தப் பனியிலும் வேலைக்குப் பிந்தாததையும் சொன்னார்.

அடுத்த முறை குலசேகரத்தினுடையது. அவர் கொம்புக்குக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கோப்பா," என்றார் சிவனேஸ்வரி. "நான் இன்னும் முடிக்கேல்லை."