ஜெனரேட்டர் ஓடாத மாலைகள்

மின்விசிறி நிற்கிற சத்தத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வேகம் தளர்ந்து, ஒன்றாய்த் தெரிந்த இறக்கைகள் மூன்றாகப் பிரிந்து, கடைசிச் சுற்றில் அச்சு லேசாக முனகி அடங்கும். எங்கள் வீட்டில் அந்த முனகலை ஒட்டியே இன்னொரு சத்தமும் வரும்: அப்பா சோற்றுத் தட்டைத் தரையில் தள்ளிவைக்கும் சத்தம், சிமெண்டில் எவர்சில்வர் உரசும் அந்தக் கூசவைக்கும் சத்தம். அதற்குப் பிறகு இருட்டில் ஆணியில் சட்டையைத் துழாவும் கை, வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு தட்டப்படும் ஓசை, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாத அமைதி. பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் டீசல் ஜெனரேட்டர் ஒருமுறை இருமும், மறுமுறை இருமும், அப்புறம் "டகடகடக"வென்று நிலைப்படும். தெருவில் யாராவது சொல்வார்கள், "தோ, உங்கப்பா ஸ்டார்ட் பண்ட்டாரு."

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் மதிலையொட்டி இருந்தது எங்கள் காலனி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை வீடுகள். தாத்தாக்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள், அப்பாக்கள் சட்டைப்பையில் கம்பெனி பெயர் தைத்த நீலச் சட்டைக்காரர்கள். என் அப்பா பிளாஸ்டிக் குழாய் செய்கிற ஒரு கம்பெனியில் எலக்ட்ரீசியன். மற்ற எலக்ட்ரீசியன்களெல்லாம் பொழுது சாய்ந்ததும் கம்பெனி பஸ்ஸேறி மெட்ராஸ் பக்கம் போய்விடுவார்கள். கேட்டுக்கு அருகிலேயே குடியிருந்தவர் அப்பா ஒருவர்தான். அதனால் ஷிப்ட் முடிந்து வந்த பிறகும் அவர் ஷிப்ட் முடியாது. கரண்ட் போனால் உள்ளே உருகிக் கிடக்கும் பிளாஸ்டிக் மிஷினுக்குள்ளேயே இறுகிவிடும், பிறகு அதைச் சுரண்டி எடுப்பதற்குள் இரண்டு ஷிப்ட் பாழ். ஆகவே கரண்ட் போனால் அப்பா போக வேண்டும். அந்த நாட்களில் அநேகமாக எல்லா மாலையும் கரண்ட் போனது.

"கழுகுக்கு மூக்குல வேர்த்தா மாதிரி, இந்தாளு சோத்துல கை வெச்சா கரண்டுக்குத் தெரிஞ்சிடுது" என்பாள் அம்மா, மீதிச் சோற்றின்மேல் தட்டைக் கவிழ்த்தபடி.

மற்ற பிள்ளைகளுக்குக் கரண்ட் போவது திருவிழா. விளக்கு அணைந்த நொடியில் காலனி முழுக்க "ஓ..."வென்று ஒரு கூச்சல் கிளம்பும். பாடப் புத்தகம் மூடப்படும், கயிற்றுக் கட்டில்கள் தெருவுக்கு வரும், அவரவர் அப்பா பனியனைக் கழற்றி விசிறிக்கொண்டு பேய்க்கதை சொல்ல ஆரம்பிப்பார். நான் கத்தியதில்லை. எங்கள் கட்டிலில் அம்மாவும் நானும் மட்டும்தான். மதிலுக்கு மேலே கம்பெனிச் சன்னல்கள் திடீரென்று மஞ்சளாய் மலரும்போது, அது என் அப்பா ஏற்றிய வெளிச்சம் என்று பெருமையாகவும் இருக்கும், அது எங்களுக்கு வராத வெளிச்சம் என்று ஆற்றாமையாகவும் இருக்கும். கரண்ட் திரும்பி அவர் வரும்போது நான் தூங்கியிருப்பேன். அப்பாவை நான் வெளிச்சத்தில்தான் அறிந்திருந்தேன். இருட்டில் அவர் எப்படி இருப்பார், இருட்டில் அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அதுதான். கரண்ட் போன ஒரு மாலையில் எல்லாப் பிள்ளைகளையும்போல நானும் என் அப்பாவோடு கட்டிலில் உட்கார வேண்டும்.

ஜெனரேட்டர் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். விளக்கிச் சொல்ல அவருக்கு வராது. "கரண்டைத் துன்னா சுத்தும், அது மோட்டார். சுத்தவுட்டா கரண்டைக் கக்கும், அது ஜெனரேட்டர். ரெண்டும் ஒரே ஜாதி பாப்பா" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். பின்னாளில் பாடப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்ததும் இதைத் தாண்டி அதிகமில்லை. காந்தங்களுக்கு நடுவே ஒரு செம்புக் கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ந்தால் அது சுழலும், வேறொன்று அதைச் சுழற்றினால் மின்சாரம் பிறக்கும். கிணற்றடியில் தண்ணீரை மேலே தள்ளும் மோட்டாரும், அணைக்கட்டில் தண்ணீர் தள்ளித் தானே சுழலும் ஜெனரேட்டரும் ஒன்றையொன்று திருப்பிப் போட்டவை. அப்பாவைச் சுழற்றியது எது, அவர் சுழன்று யாருக்குக் கொடுத்தார் என்பதெல்லாம் அந்த வயதில் தோன்றாத கேள்விகள்.

ஓர் ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சீரியல் பல்பு, கோயில் வாசலில் பல்பாலேயே ஆன அம்மன், பத்தாததற்கு இரண்டு ஒலிபெருக்கிக் குழாய். எல்லாக் கம்பியும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில்தான் போய் முடிந்தது. மூன்றாம் நாள் அந்திப் பொழுதில் அது "டமார்" என்றது. வெடித்த இடத்திலிருந்து எண்ணெய் வழிந்தது. கருகிய எண்ணெயின் நெடி காலனி முழுக்கப் பரவி, கூழின் வாசனையை விழுங்கிவிட்டது.

அப்பா வழக்கம்போல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து சட்டையைத் துழாவினார். வாசலுக்குப் போனவர் அப்படியே நின்றார். மதிலுக்கு மேலே கம்பெனி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கம்பெனிக்கு வேறு லைன், வேறு டிரான்ஸ்ஃபார்மர். இருட்டு எங்களுக்கு மட்டும்தான் வந்திருந்தது.

"இன்னாய்யா நிக்கிற?" என்றாள் அம்மா.

"அங்க கீது" என்றார் அப்பா, நம்பாதவரைப்போல. "அங்க கரண்ட் கீது."

"அப்போ வந்து துன்னு."

அவர் திரும்பி வந்து, கவிழ்க்கப்படாத தட்டின் முன் உட்கார்ந்து, இருட்டில் சாப்பிட்டார். பிறகு கட்டிலுக்கு வந்தார். நான் இடம் விட்டு நகர்ந்தேன். கட்டில் அவர் பக்கமாகச் சரிந்தது, நானும் சரிந்து அவர்மேல் போய் விழுந்தேன். டீசலும் லைஃபாய் சோப்பும் கலந்த வாடை. பக்கத்து வீட்டு யேசுபாதம் மாமா தன் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "இன்னாண்ணா, அதிசயமா கீது! கம்பெனிக்கெல்லாம் வெளிச்சம் குடுக்குற கர்ணன், ஊட்டுக்கு ஒரு பல்பு குடுக்க மாட்டியா?"

"உன் ஊட்டு எருமைய செக்குல கட்டி சுத்தவுடு, நான் கரண்ட் எடுத்துத் தர்றேன்" என்றார் அப்பா. தெருவே சிரித்தது. அப்பாவுக்கு இப்படிப் பேசத் தெரியும் என்பதே எனக்குப் புதிது.

ஆனால் என்னோடு என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, "இப்போ எந்தக் கிளாஸு பாப்பா?" என்றார். அம்மா இருட்டுக்குள்ளிருந்து, "கேளு, நல்லா கேளு, பொண்ணு பேரு இன்னான்னும் கேளு" என்றாள். மூவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு சுலபமாயிற்று.

புது டிரான்ஸ்ஃபார்மர் திருவள்ளூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். நாளை என்றார்கள், அடுத்த வாரம் என்றார்கள். அதுவரை ஏனோ கம்பெனி லைனில் கரண்ட் போகவேயில்லை, மாலைதோறும் அப்பா எங்கள் கட்டிலில் இருந்தார். தெரு மோட்டார் ஓடாததால் பெண்கள் குடங்களோடு கம்பெனி கேட்டில் வரிசை நின்றார்கள். மாவு மில் மூடிக் கிடந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் எதிர்வீட்டு ரத்னம்மா தினமும் மின்சார ஆபீசைத் திட்டினாள்: "இன்னும் எத்தினி நாளு நைனா இந்தப் பேஜாரு?" எல்லோரும் டிரான்ஸ்ஃபார்மர் வர வேண்டுமென்று வேண்டிக்கொண்டார்கள். வரக் கூடாதென்று வேண்டிக்கொண்டது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ரத்னம்மா, ஆபீசுக்கு எல்லாருமாய்ப் போய் உட்காரலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டபோது, "வரும்போது வரட்டும் போக்கா, இன்னா அவசரம்" என்றாள் அம்மா, இடுப்பில் கம்பெனி கேட்டுத் தண்ணீர்க் குடத்தோடு. அந்த நாட்களில் அவள் சாயங்காலம் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். இருட்டில் யாரும் பார்க்க முடியாத பூ, வாசனை மட்டும் வரும்.

டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது எனக்கு அந்தக் கட்டில்தான் நினைவில் எழுந்தது. மோட்டாரைப்போல அது சுழல்வதில்லை. ஒரே இரும்பைச் சுற்றி இரண்டு சுருள்கள், ஒன்றையொன்று தொடுவதேயில்லை. ஆனாலும் ஒன்றில் மின்சாரம் அலைந்தால் மற்றொன்றில் மின்சாரம் பிறக்கிறது. அலைந்தால்தான். போயும் வந்தும், திசை மாறி மாறித் துடிக்கிற மின்சாரத்துக்கே அடுத்த சுருள் அசைந்து கொடுக்கும், ஒரே சீராய் நிற்கிற மின்சாரத்தை அது கண்டுகொள்வதுமில்லை. தினமும் எழுந்து போய்க்கொண்டிருந்த மனிதர் என்பதால்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது எனக்குள் அவ்வளவு துடித்ததோ என்னவோ. பேய்க்கதைக்காரர்களின் பிள்ளைகள் தங்கள் அப்பாக்களின் மடியிலேயே தூங்கிப்போனார்கள். நான் கண்ணை இமைக்காமல் விழித்திருந்தேன்.

புது டிரான்ஸ்ஃபார்மர் ஒரு லாரியில் சாம்பல் நிற யானைக்குட்டிபோல வந்து இறங்கியது. ஏற்றிப் பூட்டியதும் மஞ்சள் பூசி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். லைன்மேன்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விளக்கெல்லாம் எரிந்தது, காலனி "ஓ..."வென்றது. ஆனால் தெரு மோட்டாரைப் போட்டால் உறுமல் கேட்கிறது, குழாயில் தண்ணீர் மூத்திரம்போலச் சொட்டுகிறது. மாவு மில்லில் பெல்ட் கழன்று விழுகிறது. பூசணிக்காய் உடைத்தவர் தீட்டு என்றார். "பாஸ்டரையும் கூப்ட்டு ஜெபம் பண்ணியிருந்தா தண்ணி பிச்சிக்கினு வந்திருக்கும்" என்றார் யேசுபாதம் மாமா.

விஷயம் வேறு. வருகிற மூன்று கம்பிகளில் இரண்டு இடம் மாறியிருந்தன. பல்புக்கு அது தெரியாது. மூன்று கம்பி மோட்டாருக்குத் தெரியும், அது எதிர்ப்பக்கம் சுழலும். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா மோட்டார் ரூமுக்குப் போய் இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டார். அதே நேரத்தில் மில்காரர் கூட்டிவந்த லைன்மேன், தெருமுனையில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரிலேயே இரண்டு கம்பிகளை மாற்றினார். ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. கரண்ட் வந்தது, மில் சரியாக ஓடியது, தெரு மோட்டார் மறுபடி தலைகீழாகச் சுற்றியது. "ஒருத்தன் ரிப்பேர் பண்ணா பரவால்ல, ரெண்டு பேரு பண்ணா இப்டிதான்" என்று ரத்னம்மா குடத்தைத் தரையில் வைத்தாள். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு தான் மாற்றியதைத் திரும்ப மாற்றினார். தண்ணீர் பீறிட்டு வந்தது. எல்லோரும் நனைந்தார்கள். அம்மா மட்டும் வாசலில் எரிந்த எங்கள் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை பழையபடி எல்லாக் கரண்டும் போனது. இந்த முறை மதிலுக்கு மேலேயும் இருட்டு. அப்பா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. கட்டிலில், என் பக்கத்தில் இருந்தார். நான் அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்தேன், இழுக்கவில்லை, பிடித்திருந்தேன். அவர் எழவில்லை. தெருவில் கூச்சல் எழுந்து அடங்கியது. அடுத்து வர வேண்டிய இருமலுக்காகத் தெருவே காதைத் தீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. வரவில்லை. கம்பெனி ஒரு கருத்த மலைபோலப் படுத்திருந்தது. அம்மா மெல்ல, "யோவ்" என்றாள். போ என்றா, இரு என்றா, அந்த ஒரு சொல்லில் தெரியவில்லை.

"இருக்கேன்" என்றார் அப்பா.

கடைசியில் கம்பெனி வாட்ச்மேன் சைக்கிளில் மணியடித்துக்கொண்டே விரைந்து வந்தார். "இன்னாப்பா, தூங்கிட்டியா? உள்ள சாவுறானுங்க, மிஷின்ல மாலு இறுகிக்கினு கீது!" அப்பா என் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து போனார். ஜெனரேட்டர் இருமியது. மறுநாள் கேட்டார்களாம், பேட்டரி இறங்கிப்போயிருந்தது என்று சொன்னாராம். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஒரு மெமோவோடு விட்டார்கள். அதன் பிறகு அவர் ஒருநாளும் தாமதிக்கவில்லை.

இப்போது கம்பெனியில் ஜெனரேட்டர் தானே விழித்துக்கொள்கிறது. கரண்ட் போன சில நொடிகளில் யாரும் தொடாமலே ஓடத் தொடங்கும். எந்த வீட்டிலும் எந்தத் தட்டும் தள்ளப்படுவதில்லை. காலனி இருந்த இடம் லாரிகள் நிற்கும் திடல். தேர்வாய் கண்டிகைப் பக்கம் எழும்பிய புதிய ஆலைகளில் வேலைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம், ஜெனரேட்டரைக் கிளப்ப ஒரு மனிதர் ஓடுவார் என்று சொன்னால் சிரிப்பார்கள். திருநின்றவூரில் என் அடுக்குமாடி வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போவது சுவரில் ஒரு சின்னச் "சட்"டோடு முடிந்துவிடுகிறது. விசிறி ஒரு மூச்சு தடுக்கி மறுபடி சுற்றும். இருட்டு என்ற பொருளே எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டது.

அம்மா போன பின் அப்பா என்னோடுதான் இருந்தார். அந்தச் "சட்" கேட்டதும் நாற்காலியின் கைகளில் உள்ளங்கைகளை ஊன்றிப் பாதி எழுந்துவிடுவார், விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு மெல்ல உட்காருவார். நினைவு கலங்கத் தொடங்கியிருந்த நாட்கள் அவை.

ஒரு மழைக்காலத்தில் புயல் எங்கள் பக்கத்துக் கம்பங்களையெல்லாம் சாய்த்துவிட்டது. இன்வெர்ட்டரும் கொஞ்ச நேரம் கூவிவிட்டு ஓய்ந்தது. விசிறி முனகி அடங்கியது. இருட்டில் அப்பா முழுவதுமாக எழுந்து நின்று சுவரில் சட்டையைத் துழாவினார். நான் அவர் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தேன்.

"கம்பெனி?" என்றார்.

"ஓடுதுப்பா. வேற ஆளு ஸ்டார்ட் பண்ணிட்டாங்க."

அவர் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். வெளியே மழை மட்டும்தான்.

"சத்தம் கேக்கலியே பாப்பா."

"தூரமா இருக்குப்பா. அதான்."

நம்பினாரோ என்னவோ. பிடித்திருந்த என் கையை விடாமல், "அப்போ சரி, இருக்கேன்" என்றார்.