முகத்தை மட்டும் பார்ப்பவள்

அம்மணமாகத் திரிகிறவர்களை ஒழுங்காகத் திரிய வைப்பதுதான் ஒந்தினாவின் வேலை. சிரிக்க வேண்டாம். எங்கள் இஸ்ட்ரியாக் கடற்கரையில் அது மரியாதையான உத்தியோகம். உடையில்லாமல் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கான முகாமில் அவள் கண்காணிப்பாளர். அதன் வாசலில் ரொட்டிக் கடை வைத்திருப்பவள் நான். வேலை செய்கிற எங்களுக்கு மட்டும் சீருடை உண்டு.

வெளிநாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் காரை விட்டு இறங்கியதுமே, போலீஸ் பிடிக்குமா என்றுதான் கேட்பார்கள். வேலிக்கு வெளியே துணி போடாவிட்டால் போலீஸ் பிடிக்கும், உள்ளே துணி போட்டால் நான் பிடிப்பேன் என்று ஒந்தினா சொல்லிவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவாள். எவனாவது கேமராவைத் தூக்கினால் தொலைந்தான். துண்டு விரிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தவன் எந்த நாட்டு நீதிபதியாக இருந்தாலும் எழுப்பி விட்டுவிடுவாள். மேலே சட்டையோடும் கீழே ஒன்றுமில்லாமலும் வருகிற ஆசாமிகளைக் கண்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். போட்டால் முழுசாகப் போடு, கழற்றினால் முழுசாகக் கழற்று, இதென்ன அரைகுறை என்று விரட்டுவாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தாள். முகவாய்க்குக் கீழே கண் போகக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேருகிற பெண்களிடம் அதைச் சொல்லும்போது அவள் குரலே மாறிவிடும். ஊர்க்காரிகள் எத்தனையோ தடவை அவள் வாயைக் கிளறிப் பார்த்தோம். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மூஞ்சிதான்டி, அதுக்குக் கீழ எனக்குக் கண்ணே கிடையாது" என்பாள். ஊரில் அவளுக்கு இருந்த மதிப்பே இந்த ஒரு பேச்சில்தான் நின்றது. பாதிரியார்கூட அவளைப் பார்த்தால் நின்று நலம் விசாரிப்பார்.

ரைண்டர் என்கிற டச்சுக்காரர் ஒவ்வொரு கோடையும் சின்ன வண்டிவீட்டைக் காரில் கோத்து இழுத்துக்கொண்டு வருவார். மனைவியை இழந்தவர், ஆற்றுப் படகோட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். துண்டில்லாமல் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஒந்தினா ரோந்து வரும்போது ஒரு காபி கொடுப்பார். அவள் சைக்கிளைப் பிடித்தபடியே நின்று குடிப்பாள். நாளாக ஆக அந்தக் காபி ஆறுவதற்கு அநியாய நேரம் பிடித்தது. ஒந்தினாவின் கணவர் புரூனோ போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. நான் எதுவும் கேட்கவில்லை, ஆனால் எனக்கும் கண் இருக்கிறது.

முகாமுக்குள் காதல் பேச்சு கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம்தான். மனசில் ஏதாவது இருந்தால் துணி உடுத்திக்கொண்டு வேலிக்கு வெளியே போய்ச் சொல்லணும். இன்னொன்றும் உண்டு. உள்ளே பழகியவர் வெளியே உன்னைத் தெரியாதமாதிரி போனால், பின்னால் போய் வழியக் கூடாது. ரைண்டர் சட்டத்தை மதிக்கிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சதுக்கத்தில் மார்செலோவின் காபிக் கடைக்கு வர முடியுமா, ஒரு விஷயம் கேட்கணும் என்று அவளிடம் சொன்னார்.

"கேட்டா சரின்னு சொல்லப்போறேன்டி. இன்னொரு குளிர்காலத்தை என்னால தனியா ஓட்ட முடியாது" என்றாள் என்னிடம். முடியைச் சுருட்டிக்கொண்டாள், நீல கவுன் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஞாயிறு நான் கடையைச் சாத்திவிட்டுப் போனபோது ஒந்தினா தனியாக உட்கார்ந்து டச்சுக்கார வம்சத்தையே வசை பாடிக்கொண்டிருந்தாள். வரவே இல்லையாம், ஏமாற்றிவிட்டானாம். மார்செலோ கோப்பையைத் துடைத்தபடி குறுக்கே வந்தான்.

"அவர் வந்தாரு அக்கா. சாம்பல் கலர் கோட்டு, டை, தொப்பி எல்லாம் போட்டுட்டு அந்த மேஜையில உட்கார்ந்திருந்தாரு. உன்னைப் பார்த்ததும் எழுந்து நின்னு சிரிச்சாரு. நீதான் நேரே அவர்கிட்ட போயி, இந்த நாற்காலி காலியா, எனக்கு ஒருத்தர் வரணும்னு கேட்டு அதைத் தூக்கிட்டு வந்தே. மனுஷன் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டாரு."

ஒந்தினா அந்த மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். என் கடையின் மேடை நெஞ்சு உயரம். ரொட்டி வாங்க வருகிறவர்களின் முகத்தைத் தவிர எனக்கு வேறு எதையும் பார்க்கக் கொடுப்பினை இல்லை. நானே அந்தாளை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன்.

"மூஞ்சியை மட்டுந்தானே பார்ப்பேன்னு சொன்ன?" என்றேன்.

பக்கத்து மேஜைகளில் பூசை முடிந்து வந்த கூட்டம். சதுக்கமே குலுங்கிச் சிரித்தது. பாதிரியார் அவசரமாகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெயிலில் கண் கூசியிருக்கும் என்று மார்செலோ ஒரு சாக்கு எடுத்துக் கொடுத்தான். ஆமாம் என்று அவள் சொல்லியிருந்தால் ஊரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டு விட்டிருக்கும். மானம் தப்பியிருக்கும். ஆனால் அந்த மனுஷன் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். பின்னால் வந்து வழியக் கூடாது என்று சட்டம் போட்டவளே இவள்தானே. ஒந்தினா எழுந்து என் வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

முகாம் வாசலில் ரைண்டர் வண்டிவீட்டைக் காரில் பூட்டிக்கொண்டிருந்தார். அதே கோட்டு, அதே தொப்பி. அலுவலகப் படியில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒந்தினா அவர்களைப் பார்த்தாள், ஒரு நொடி தயங்கினாள், பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினாள்.

"நான் உங்களை வேண்டாம்னு சொல்லல. எனக்கு அடையாளம் தெரியல. இத்தனை கோடையா உங்க மூஞ்சியை நான் ஒழுங்கா பார்த்ததே இல்லை. மத்ததெல்லாம் பார்த்திருக்கேன். போதுமா?"

படியில் நின்ற ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ரைண்டர் கையில் இருந்த சங்கிலியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றார். "நான் உங்க கண்ணையேதானே பார்த்துட்டு இருந்தேன், அது எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா? அந்தத் தைரியத்துலதான் உங்களைக் கூப்பிட்டேன். துணியோட பார்த்ததும் பிடிக்காம போயிடுச்சோன்னுதான் பயந்துட்டேன்."

ஒந்தினா அவருடைய தொப்பியைக் கழற்றிக் காரின் மேல் வைத்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவசரமே படாமல் பார்த்தாள்.