பாவுக்கு அடியில் ஒரு பசுமைக்குடில்

தோட்டத்தில் பசுமைக்குடில் வைக்கப்போகிறேன் என்று என் மனைவி சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. காஞ்சிபுரத்தில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் எங்கள் தோட்டத்தில் பஞ்சம்தான். எங்கள் மாமரமும் பக்கத்து வீட்டு வேம்பும் போட்டி போட்டுக்கொண்டு நிழல் போடும். மாமரத்தை வெட்டவும் முடியாது. அதன் நிழலில்தான் எங்கள் தறி அறை குளுமையாக இருக்கிறது. அறை காய்ந்தால் பட்டிழை சும்மா சும்மா அறுந்து உயிரை வாங்கும்.

குடில் அவளுக்கு அழகுக்காக அல்ல. வாலாஜாபாத் பக்கம் அவளுடைய அம்மா வீட்டில் விளைந்த ஒரு முள்கத்தரி இப்போது எங்கும் கிடைப்பதில்லை. முந்தின வருஷம் நாற்று விட்டபோது ஐப்பசி மழையில் எல்லாம் அழுகிவிட்டன. மிச்சம் இருந்தது ஒரு சிட்டிகை விதை, அதுவும் பழசு. அந்த வருஷம் முளைத்துத் தப்பினால் உண்டு, இல்லாவிட்டால் அந்தக் கத்தரிக்காயின் கதை முடிந்தது. மழையைத் தடுத்து வெளிச்சத்தை விடும் கூரை ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது.

இடம் பார்க்கும் பொறுப்பை நானும் என் தம்பியும் எடுத்துக்கொண்டோம். இருவரும் நெசவாளிகள். முன்பு இழை நீட்டிய தெருவில் வண்டிகள் பெருகிய பிறகு, தறியில் ஏற்றவேண்டிய நீள இழைகளை, அதாவது பாவை, தோட்டத்தின் நடுவில்தான் விடிந்ததும் நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துகிறோம். ஆகவே தோட்டத்து வெயில் எங்களுக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. மேற்குச் சுவரோர மூலையைக் காட்டினேன்.

"இங்கதாம்மா சூரியன் மொதல்ல வந்து உக்காருவாரு. கண்ண மூடிக்கினு வையி."

அவள் கண்ணை மூடுகிற ரகம் இல்லை. மறுநாள் காலையில் கோலமாவுக் கிண்ணத்தோடு தோட்டத்தில் இறங்கினாள். நிழல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு. சமையலைப் பார்த்துவிட்டு வந்து, நகர்ந்திருக்கும் நிழலுக்கு இன்னொரு கோடு. தம்பி தறியிலிருந்து தலையை நீட்டினான்.

"இன்னா அண்ணி, நிழலுக்குக் கோலம் போட்டுக்கினு இருக்கீங்க?"

"நீ தறிய பாருப்பா. அறுந்துடப் போவுது."

சாயங்காலம் போய்ப் பார்த்தால் தோட்டம் முழுக்க வெள்ளைக் கோடுகள். நாங்கள் சொன்ன மூலையை நிழல் காலைப் பலகாரம் ஆறுவதற்குள் விழுங்கியிருந்தது. எங்களுக்குத் தெரிந்த வெயில் பாவு நீட்டும் விடியல் வெயில் மட்டும்தான். அது கிளைகளுக்கு அடியில் தாழ்வாகப் புகுந்து வருவது. சூரியன் மேலே ஏறுவதற்குள் நாங்கள் தறிக்குழியில் கால்களை இறக்கிவிடுவோம். அதன்பிறகு மாமரம் என்ன செய்கிறது என்று பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. நெசவாளியைத் தவிர வேறு எவனாலும் இந்தத் தப்பைச் செய்யமுடியாது என்று தம்பி கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

கோடு விழாத, நாள் முழுக்க நிழலே எட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாங்கள் பாவு நீட்டும் நடுப்பகுதி.

எனக்குத் திக்கென்றது. கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராது. கொடுத்துவிட்டால் பாவை எங்கே கொண்டுபோய் நீட்டுவது? அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. மேல உங்களுது, கீழ என்னுது. எனக்கு முட்டி ஒசரம் போதும்."

பாவு இடுப்பு உயரத்தில் ஓடும். அதற்கு அடியில் பிளாஸ்டிக் குழாய்களை வில்லாக வளைத்து நட்டு, மேலே பாலித்தீன் தாளை இழுத்துக் கட்டினாள். இரண்டு பக்கமும் நாங்கள் நடக்க வழி விட்டிருந்தாள். உள்ளே நின்று வேலை செய்யும் குடில்தான் அவள் ஆசை. அதைத்தான் எங்கள் பாவுக்காக முழங்காலுக்குக் குறுக்கிக்கொண்டாள். இப்படி ஒருத்திக்கு நான் எப்படி வாய்த்தேன் என்று அன்று நிஜமாகவே யோசித்தேன். விதையில் பாதிதான் முளைத்தது. அதற்கே வீட்டில் கேசரி கிண்டினாள்.

ஐப்பசியில் ஒருநாள், வானம் வெளுத்திருக்கிறதே என்று அரக்கு நிறப் பட்டுப் பாவை நீட்டியிருந்தோம். ஓரிக்கைப் பக்கமிருந்து மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது. வானத்தைப் பார்த்தே பாவு நீட்டிப் பழகியவர்கள் நாங்கள். மூடுவதற்கென்று ஒன்றும் வைத்திருந்ததில்லை. நானும் தம்பியும் தடுமாறிக்கொண்டு சுருட்ட, அவள் ஓடிவந்து குடிலின் தாளை ஒரே இழுப்பில் உருவிப் பாவின் மேல் போட்டாள்.

"நாத்து, நாத்து!" என்று கத்தினேன்.

"மொதல்ல பட்டு உள்ள போவட்டுங்க!"

பட்டு உள்ளே போய்விட்டது. திரும்பி வந்தபோது நாற்றுகள் சேற்றில் முகம் குப்புறக் கிடந்தன. அவள் மழையிலேயே குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் ஒன்றை மட்டும் விரலால் நிமிர்த்தி மண் அணைத்தாள்.

"விதைக்கு ஒரு செடி போதுங்க," என்றாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

அந்த ஒற்றைச் செடி மாசியில் காய்த்தது. ஒரு காயைக்கூடப் பறிக்க விடாமல் மஞ்சளாகப் பழுக்கவிட்டு விதை எடுத்தாள். இந்த வருஷம் குடில் மறுபடியும் அதே இடத்தில், பாவுக்கு அடியில்தான். நான் பாலித்தீன் தாள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.