சாப்பிட்டீரோ என்று கேட்ட பெட்டி

கல்யாணமான இரண்டாம் வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. லண்டனில் இருந்த என் கணவரின் அண்ணன் புதிது வாங்கிக்கொண்டு பழையதை அனுப்பியிருந்தார். கீபோர்டுக்குள்ளேயே மெஷினும் அடங்கிய பழுப்பு நிறப் பெட்டி அது. டிவியோடு மாட்டினால்தான் எழுத்துத் தெரியும். டிஸ்க் போட இன்னொரு பெட்டி. "இதுக்கு ரெண்டு சீலை அனுப்பியிருக்கலாம்" என்று நான் முணுமுணுத்தது காதில் விழுந்தும் விழாத மாதிரி அவர் இருந்தார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தொழில்நுட்ப வேலை. நான் கண்டி டவுனில் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளிக் குடும்பத்துப் பெண். அம்பிட்டிய ஏற்றத்தில் வாடகைக்கு இருந்தோம். அவர் "ஓம், வாறன்" என்பார். நான் "ஆமா, வாங்க" என்பேன். சண்டை பிடிக்கும்போது மட்டும் இரண்டு பேரின் தமிழும் நன்றாகவே விளங்கும்.

நான் தலையணை உறைகளுக்குப் பூ வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். டிஸ்கில் இருந்த படம் வரையும் புரோகிராமில் கட்டம் கட்டமாகக் கிளியும் ரோஜாவும் போடலாம் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அந்தப் பெட்டி என்னுடையதாகிவிட்டது. ஆனால் அந்தப் புரோகிராமைத் திறப்பதற்குள் உயிர் போகும். நீளமான கட்டளை ஒன்றை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். மேற்கோள் குறி, காற்புள்ளி, எண் எதுவும் பிசகக் கூடாது. பிறகு புரோகிராம் ஆடி அசைந்து மெஷினில் ஏறும். ஏறி முடிந்து அப்பாடா என்று உட்கார்ந்தால் கரண்ட் போகும்.

அந்த வருஷம்தான் அவரை ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. யுத்தம் நடந்த, வேறு காரணம் தேவைப்படாத காலம். மறுநாள் பின்னேரம் திரும்பி வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை வாய் திறந்ததில்லை. எனக்கு மட்டும் அன்றிலிருந்து ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. அவர் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்காமல் சோறு தொண்டைக்குள் இறங்காது. மத்தியானம் சமைத்து, இரண்டு சோற்றுக் கோப்பையிலும் போட்டு, மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அவர் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். பெட்டியின் முன் உட்கார்ந்து நாலைந்து ஞாயிற்றுக்கிழமை எதையோ எழுதினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இனி உமக்குக் கஷ்டமில்லை. ஒரு எழுத்து அடிச்சால் காணும்" என்றார். முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நாம் கேட்கும் புரோகிராமைச் சட்டென்று எடுத்துத் தரும் ஒரு சின்னப் புரோகிராம். P அடித்தால் படம், அவ்வளவுதான். புத்தகத்தில் அதற்கு ஷெல் என்று பெயர். அவர் அம்மா இருந்த ஊரில் அந்தப் பெயருடைய குண்டு நிஜமாகவே விழுந்துகொண்டிருந்ததால், எங்கள் வீட்டில் அதைச் சொல்ல மாட்டோம். கேள்விக்காரன் என்றுதான் சொல்லுவோம்.

ஏனென்றால், அது வேலையைத் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்கும். மெஷினுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆங்கில எழுத்தில், அவருடைய தமிழில், "சாப்பிட்டீரோ?" என்று திரையில் வரும். ஓம் என்பதற்கு O அடித்தால் வழி விடும். இல்லை என்பதற்கு I அடித்தால், "போய்ச் சாப்பிட்டிட்டு வாரும்" என்று சொல்லிவிட்டு அப்படியே விறைத்துப்போய் நிற்கும். அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்கென்ன! மூடி வைத்த சோறு அடுப்படியில் இருக்க, நான் தினமும் O அடித்தேன். மெஷினிடம் பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தாது என்ற தைரியம்.

ஒரு நாள் பின்னேரம் எங்கள் ரோட்டில் சோதனை. ராணுவ ஜீப் ஏற்றத்தில் வந்து நிற்கவும், அவர் பஸ்ஸை விட்டு இறங்கி வரவும் சரியாக இருந்தது. கேட்டருகிலேயே நிறுத்திவிட்டார்கள். அட்டையைப் பார்த்ததும் ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். அதிகாரி ஒருவர் வீட்டுக்குள் வந்து என்னைச் சிங்களத்தில் கேட்க ஆரம்பித்தார். எந்த ஊர், அப்பா யார், எத்தனை பேர், வடக்கிலிருந்து யார் வருவார்கள். எல்லாவற்றுக்கும் உள்ளது உள்ளபடி சொன்னேன். ஒரு சொல் மாறினாலும் அவரை ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அதிகாரியின் கண் டிவிக்குக் கீழே வயர்களோடு கிடந்த பெட்டிகளில் விழுந்தது. "இது என்ன, செய்தி அனுப்புகிற மெஷினா?"

"இல்லை சேர், நான் பூப்படம் போடுறது."

"போட்டுக் காட்டு. உன் மஹத்தயா கேட்டருகிலேயே நிற்கட்டும்."

சுவிட்சைப் போட்டேன். டிஸ்க் கரகரவென்று ஓடியது. "சாப்பிட்டீரோ?" என்று வந்தது. அவ்வளவு நேரம் கேட்டதற்கெல்லாம் உண்மையையே சொல்லிக்கொண்டிருந்த பயத்தில், என் விரல் தானாகப் போய் I அடித்துவிட்டது.

திரை விறைத்தது. பூவுமில்லை, கிளியுமில்லை.

"என்ன எழுதியிருக்கிறது?"

மறைக்க எனக்குத் தெரியவில்லை. "கேவத?" என்று சிங்களத்தில் சொன்னேன். சாப்பிட்டாயா?

வாசலில் துவக்கோடு நின்ற சிப்பாய், தன்னைக் கேட்டதாக நினைத்து, "தாம நே" என்றான். இன்னும் இல்லையாம். அதிகாரி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ என்ன பதில் போட்டாய்?"

"இல்லைன்னு, சேர். அதுக்கு, போய்ச் சாப்பிடச் சொல்லுது."

அதிகாரி அடுப்படிக்குப் போய், மூடியிருந்த இரண்டு கோப்பைகளையும் திறந்து பார்த்தார். பிறகு கேட்டுக்குப் போனார். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உன் மெஷின் முதலில் என்ன சொல்லும்?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"மனைவி சாப்பிட்டாளா என்று கேட்கும், சேர்."

"ஏன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் வரும்வரை சாப்பிட மாட்டாள். சாப்பிட்டேன் என்று அடித்துவிட்டுப் பட்டினி கிடப்பாள்."

அதிகாரி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். ஜீப் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

உள்ளே வந்தவர் கைகூடக் கழுவாமல் கதிரையில் உட்கார்ந்தார். ஆறிப்போன சோற்றை நான் அவர் முன்னால் வைத்தேன். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

"பொய்னு தெரிஞ்சேதான் இவ்வளவு நாளும் கேட்டீங்களா?"

"ஓம்."

"அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

"நான் இல்லாத நேரம் வேற ஆர் உம்மைக் கேக்கிறது?" என்றார். நான் என் கோப்பையையும் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்படியே சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கேள்விக்காரனைத் திருத்தினார். அதன்பின் அது எதையும் கேட்பதில்லை. சுவிட்சைப் போட்டால், "வந்திடுவன். நீர் சாப்பிடும்" என்று வரும். எந்த எழுத்தை அடித்தாலும் வழி விடும்.

அப்படியும் நான் சாப்பிட்டுவிடவில்லை. ஆனால் வரைவதற்குப் பூ ஒன்றும் இல்லாத நாட்களிலும், அவர் வரும் நேரம் பார்த்துப் பெட்டியைப் போடுவேன். அந்த வரி திரையில் நிற்கும். எந்த எழுத்தையும் தொடாமல், கேட் சத்தம் கேட்கும்வரை அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன்.