உதடு ஆடாத மூன்று நிமிடம்

ஒரு வார இதழ் அவரைப் பற்றி முழுப் பக்கம் எழுதியபோது, 'எந்த வேடத்திலும் கரைந்துவிடும் கலைஞர்' என்று தலைப்புப் போட்டது. கரைந்துவிடுவது உண்மைதான். நாற்பத்தாறு வருடம் மேடையிலும் தொலைக்காட்சியிலும் நடித்தவருக்கு முகம் முழுதாகத் தெரிகிற வேடம் அதுவரை தொலைக்காட்சியில் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. அறுவை சிகிச்சை நிபுணராகப் பதினோரு முறை வந்திருக்கிறார். பதினொன்றிலும் முகமூடி. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமும் நீதிபதி, காதுவரை தாடி வளர்ந்த விஞ்ஞானி, எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கும் மாமனார், தொங்கு மீசை வைத்த மூன்று கர்னல்கள், வலைத் தொப்பி போட்டுக்கொண்டு தேனீ வளர்க்கும் ஒரு கொலைகாரன். இதையெல்லாம் பார்த்துவிட்டு, சிறந்த பன்முக நடிகர் என்று ஒரு சங்கம் கேடயமும் கொடுத்தது.

இத்தனை முகங்களுக்கும் காரணம் ஒரே ஒரு குறை. மற்றவர் வசனம் பேசும்போது இவர் உதடு ஆடும்.

அந்தக் குறைக்கும் ஒரு காரணம் உண்டு. பத்தொன்பது வயதில் நாடகக் குழுவில் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த வேலை நடிப்பல்ல. மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பிரதியைப் பார்த்து, மறந்துபோகிறவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது. நடிகன் தடுமாறுவதற்கு அரை நொடி முன்னாலேயே சொல் போய்ச் சேர வேண்டும். தடுமாறிய பிறகு சொல்லிப் பயனில்லை. அதனால் எல்லாருடைய வசனத்தையும் எல்லாருக்கும் அரை நொடி முன்னால் வாய்க்குள் ஓட்டிக்கொண்டே இருப்பார். இரண்டு வருடத்தில் பிரதி தேவைப்படாமல் போனது. குழுவில் அவருக்குப் 'புஸ்தகம்' என்று பெயர் விழுந்தது. கதாநாயகனின் சித்தப்பாவாக நடித்தவருக்கு ஒருநாள் அம்மை வந்தது. புஸ்தகம் திரையை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தது. உதடு மட்டும் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டது.

மேடையில் அது யார் கண்ணிலும் படவில்லை. பத்தாவது வரிசையில் இருப்பவருக்கு மூக்கே மங்கலாகத்தான் தெரியும். குடிநீர் வாரிய அலுவலகத்தில் பகலில் குமாஸ்தா, மாலையில் நாடகம் என்று இருபது வருடம் ஓடியது. தொலைக்காட்சிதான் கண்டுபிடித்தது. முதல் நாள் படப்பிடிப்பிலேயே கேமராமேன் தலையை வெளியே நீட்டினார்.

"சார், அவர் பேசறப்ப நீங்க ஏன் பேசறீங்க?"

"நான் பேசலையே."

"உங்க உதடு பேசுதே."

அந்த இடத்தில் தொழில் முடிந்திருக்க வேண்டும். முடியாமல் காப்பாற்றியவர் மேக்கப்மேன். பெட்டியைக் குடைந்து, இருப்பதிலேயே கனமான மீசையை எடுத்து உதட்டை மறைத்து ஒட்டினார். "இனிமே ஆடினா மீசை ஆடும். காத்துன்னு சொல்லிக்கலாம்" என்றார். அன்றிலிருந்து இருவரும் பிரியவில்லை. பன்முகக் கலைஞரின் பாதி முகங்கள் மேக்கப்மேனின் பசை டப்பாவிலிருந்து வந்தவை.

அறுபத்தேழாவது வயதில் சிக்கல் வந்தது. நானூறு பகுதியைத் தாண்டிய ஒரு தொடரில் அவர் ஓயாமல் பேசும் அப்பா. மீசை, வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி. கதாசிரியருக்குத் திடீரென்று கதை தேவைப்பட்டு, அப்பாவுக்குப் பக்கவாதம் வரவழைத்தார். பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குப் பல்குச்சி எதற்கு என்று இயக்குநர் அதைப் பிடுங்கினார். நோயாளி மாதிரி தெரியட்டும் என்று மீசையையும் எடுக்கச் சொன்னார். மேக்கப்மேன் சொல்லிப் பார்த்தார். இயக்குநர் இந்தத் தொடருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பழைய கதை தெரியாது.

அன்று எடுத்ததை மாலையில் போட்டுப் பார்த்தபோது தெரிந்துகொண்டார்.

"சார், உங்களுக்கு நாக்கு, வாய் எல்லாம் இழுத்துடுச்சு. டாக்டர் வந்து சொல்லிட்டார். ஆனா அவர் சொல்றதுக்கு முன்னாடி அதை நீங்களே சொல்லிட்டிருக்கீங்க."

"பழக்கம் தம்பி. விட்டுடறேன்."

"வியாழக்கிழமை பொண்ணு வந்து உங்ககிட்ட எல்லாத்தையும் கொட்டற சீன். மூணு நிமிஷம், உங்க மூஞ்சி மட்டும், கட் கிடையாது. வந்தா நீங்க பிழைச்சீங்க. வரலைன்னா வெள்ளிக்கிழமை போட்டோ எடுத்து சுவர்ல மாட்டிடுவேன். தப்பா நினைக்காதீங்க. போட்டோவுக்கு உதடு ஆடாது."

அவர் தப்பாக நினைக்கவில்லை. பயந்துபோனார். ஓய்வூதியம் இருந்தது, வீடு இருந்தது, மகன் தூரத்தில் நன்றாக இருந்தான். இல்லாதது ஒன்றுதான்: காலையில் எழுந்து போவதற்கு வேறு இடம். நாடகக் குழு கலைந்து எட்டு வருடமாயிற்று. இந்தத் தொடரில் சாகடித்துவிட்டால் அறுபத்தேழு வயது மீசையை இன்னொருவர் கூப்பிட்டு ஒட்டப்போவதில்லை. போதாததற்கு, முகம் முழுதாகத் தெரிகிற முதல் வேடம் இது. அதில்போய் முகத்தால் வேலை போவதா என்றிருந்தது.

மனைவி தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருடம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊரார் பேசுவதைக் கேட்டே சம்பளம் வாங்கியவர். செவ்வாய்க்கிழமை மாலை முழுவதும் கணவருக்கு எதிரே உட்கார்ந்து பழைய பகுதிகளின் வசனங்களை வாசித்தார். கணவர் பற்களுக்கு நடுவே பென்சிலைக் கடித்துக்கொண்டார். பென்சில் ஆடியது. உதட்டின்மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார். தாடை ஆடியது. நாக்கை மடித்துப் பிடித்தார். கழுத்தில் ஏதோ ஏறி இறங்கியது.

மனைவி காகிதத்தைக் கீழே வைத்தார்.

"ஏங்க, கல்யாணமான புதுசுல நான் பேசறப்ப உங்க உதடு ஆடாது, ஞாபகம் இருக்கா?"

"அப்படியா?"

"அஞ்சு வருஷம் கழிச்சுதான் ஆட ஆரம்பிச்சுது. நான் அடுத்து என்ன சொல்வேன்னு அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு உங்களுக்கு. தெரிஞ்சதுக்குத்தான் ஆடுது. தெரியாததுக்கு எப்படி ஆடும்?"

அவர் யோசித்தார். "அப்போ வசனத்தைப் படிக்காம போகச் சொல்றியா?"

"ஆமா."

"மத்தவங்க வசனத்தைப் படிக்காம நான் ஒருநாளும் போனதில்லையே."

"உங்களுக்குத்தான் வசனமே இல்லையே. எதுக்குப் படிக்கணும்?"

புதன்கிழமை மாலை வசனம் வாட்ஸ்அப்பில் வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் மனைவி அவர் போனை வாங்கித் தம் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். குடிப்பழக்கத்தை விடுகிறவர்போல அவர் இரண்டு முறை அந்தப் பை இருந்த அறைக்குள் போய்விட்டு வந்தார். இரண்டு முறையும் மனைவி பையின் மேலேயே உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி செட். மூன்று சுவர், ஒரு கட்டில், எங்கேயும் போய்ச் சேராத ஒரு குளுக்கோஸ் குழாய். ஒத்திகை வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். இயக்குநருக்கு அது புதுப் பாணி நடிப்பாகத் தெரிந்தது, மரியாதையோடு ஒப்புக்கொண்டார். மகளாக நடிக்கும் பெண் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். நானூறு பகுதியாக அவரை செட்டிலும் வெளியிலும் அப்பா என்றே கூப்பிடுகிறவள்.

கேமரா ஓடியது. அவள் பேசத் தொடங்கினாள். வேலையை விட்டதை, அதை வீட்டில் மறைத்ததை, தினமும் கிளம்பிப் போய் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். அவர் கேட்டார். உதடு கல்லாக இருந்தது. ஒரு நிமிடம் தாண்டியது. மேக்கப்மேன் மூச்சை விடாமல் நின்றார்.

அவள் நின்றுவிட்டாள். அவர் உதட்டையே பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"அப்பா, ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"கட்" என்றார் இயக்குநர். "அவருக்குப் பேச்சு வராதும்மா."

"அது தெரியும் சார். முதல் பக்கம்தான் பார்த்தேன், அதுக்கு மேல வசனம் வரலை. அப்பா உதட்டைப் பார்த்துத்தான் நான் சொல்வேன்."

இயக்குநர் மெதுவாகக் கேட்டார்.

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேருந்து. மீசை இருந்தப்பகூட கீழுதடு தெரியும். அப்பா எப்பவும் ஒரு செகண்டு முன்னாடியே சொல்லிடுவாங்க. எனக்கு வீட்டுல படிக்க நேரமே இருக்காது சார்."

"வேற யார் யாரு?"

மூத்த மகனாக நடிப்பவர் கூரையைப் பார்த்தார். மாமியாராக வருபவர் தண்ணீர் கேட்டார். டாக்டர் வேடக்காரர் மட்டும் நேர்மையாகக் கையைத் தூக்கினார். தொடரில் ஒருவரும் தடுமாறுவதில்லை என்று சேனல் அலுவலகம் முந்தைய இயக்குநரை இரண்டு முறை பாராட்டியிருந்தது.

உதட்டுக்கு உரியவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். இருபத்தாறு வருடமாக ஒளித்துவைத்த குறையைச் சுற்றி இத்தனை பேர் பிழைத்துக்கொண்டிருந்த செய்தி அவருக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது. பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் குளுக்கோஸ் குழாயைச் சரிசெய்தார்.

பெண் மூலையில் போய் அரை மணி நேரம் காகிதத்தை வைத்துப் படித்துவிட்டு வந்தாள். இரண்டாவது டேக். அவள் வாயைத் திறந்ததும் அவர் உதடும் திறந்தது. முதல் ஒரு நிமிட வசனத்தை ஒருமுறை கேட்டாயிற்று. அந்தத் தலைக்கு ஒருமுறை போதும்.

"கட்" என்றார் இயக்குநர். காதைச் சொறிந்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து பாடற மாதிரி இருக்கு. சார், நான் முயற்சி பண்ணலைன்னு சொல்லாதீங்க. போட்டோகிராபரை வரச் சொல்லட்டுமா?"

"வேற வழி இல்லைன்னா சொல்லிடுங்க தம்பி" என்றார் அவர். குரல் நன்றாகவே இருந்தது. நடிப்பு என்று மேக்கப்மேனுக்கு மட்டும் தெரிந்தது.

பெண்தான் குறுக்கே வந்தாள். "சார், இப்ப அப்பா மூஞ்சி மட்டும்தானே எடுக்கறீங்க? என் குரலை அப்புறமா டப்பிங்ல போட்டுக்கலாம்ல. நான் வேற ஏதாவது பேசறேன். அப்பாவுக்குத் தெரியாததா."

"என்ன பேசுவே?"

"ஏதோ பேசறேன். என் கஷ்டம் எனக்கு இல்லையா?"

மூன்றாவது டேக். அவள் மகளின் அதே தழுதழுத்த குரலில் தொடங்கினாள்.

"அப்பா, எங்க வீட்டு வாஷிங் மெஷின் தண்ணியை வெளியே விட மாட்டேங்குது. முழுசா ரொம்பி நிக்குது. உள்ளே என் ரெண்டு சுடிதாரும் எங்க வீட்டுக்காரரோட ஒரே நல்ல சட்டையும் மாட்டிக்கிச்சு. கதவு திறக்க மாட்டேங்குது. மெக்கானிக் திங்கட்கிழமை வரேன்னான், வரலை. செவ்வாய்க்கிழமை போன் பண்ணினா, வாசல்லதான் நிக்கறேங்கறான். நானும் வாசல்லதான் நிக்கறேன், யாரும் இல்லை. கேட்டா, நீங்க எந்த வாசல்ல நிக்கறீங்கன்னு என்னையே கேக்கறான்."

கட்டிலில் இருந்தவரின் கண்கள் அவள் மேலேயே இருந்தன. புருவம் கொஞ்சம் சுருங்கியது. சட்டை என்றபோது இமை ஒருமுறை தாழ்ந்தது. அவள் புதன்கிழமைக்கு வந்தாள். மெக்கானிக் வந்ததையும், தப்பான ஸ்குருடிரைவரோடு வந்ததையும், அதை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனதையும், கருவிப்பை இன்னும் தன் வீட்டிலேயே கிடப்பதையும் சொன்னாள். கணவர் நாளை நேர்காணலுக்குப் போக வேண்டும் என்றாள். இதைச் சொல்லும்போது அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. ஸ்குருடிரைவரிலேயே நனைந்திருந்த அவர் கண் இப்போது நிறைந்தது. உதடு அசையவில்லை.

மூன்று நிமிடம் பத்து நொடி. "கட்" என்று சொல்ல இயக்குநர் இரண்டு நொடி எடுத்துக்கொண்டார்.

"ஓகே" என்றார்.

பக்கவாதக்காரர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "அந்தப் பையை வெச்சுக்கோம்மா, கொடுத்துடாதே. அதுக்காகவாவது வருவான்."

பகல் உணவுக்குப் பிறகு அடுத்த சீனுக்காக மகளின் முகத்தை எடுத்தார்கள். அதற்குள் அவர் அந்தப் பக்கத்தை வாங்கி ஒருமுறை படித்திருந்தார். கேமராவுக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு அவரை உட்காரவைத்தார்கள். அவர் உதடு அரை நொடி முன்னால் போக, அவள் பின்னாலேயே வந்து ஒரே டேக்கில் முடித்தாள். போட்டோகிராபர் வரவில்லை.

அந்தப் பகுதி ஒளிபரப்பானபோது மனைவி சோபாவின் நுனியில் உட்கார்ந்து பார்த்தார். மகள் எல்லாவற்றையும் கொட்டி முடிக்க, அப்பாவின் கண் நிறைந்தது. மனைவியின் கண்ணும் நிறைந்தது.

"இதைக் கேக்கறப்பதான் இப்படி ஆச்சா உங்களுக்கு?"

"இல்ல. மெக்கானிக் ஸ்குருடிரைவரை மாத்தி எடுத்துட்டு வந்தப்ப."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "வந்தானா இல்லையா?" என்றார்.

அதன்பிறகு தொடரில் அதுவே வழக்கமாயிற்று. அப்பாவின் முகம் எடுக்க வேண்டுமென்றால், கதையில் யார் எதை அழுதாலும், எதிரே உட்கார்ந்து யாராவது சொந்தக் கதை சொல்ல வேண்டும். சொன்ன கதை செல்லாது, புதிதாக இருக்க வேண்டும். மாமியாராக நடிப்பவர் தம் நிஜ மருமகளைப் பற்றி நான்கு பகுதிகளுக்குச் சொன்னார். டாக்டருக்கு மேல்வீட்டில் யாரோ நாற்காலி இழுக்கும் பிரச்சினை. பிறகு லைட்மேன், சவுண்டுக்காரர் என்று வரிசை நீண்டது. பேச முடியாத மனிதரிடம் பேச ஆட்கள் காத்திருந்தார்கள். மற்ற நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாருக்கும் உதட்டால் வசனம் கொடுத்தார். இப்போது இதை யாரும் மறைப்பதில்லை.

ஐந்நூற்று இருபதாவது பகுதி நெருங்கும்போது இயக்குநர் நல்ல செய்தியோடு வந்தார்.

"சார், கதாசிரியர் உங்களுக்குப் பேச்சு வரவைக்கறார். ரெண்டு பக்க வசனம், முழுக்க உங்களுக்கே. ஜனங்க கைதட்டும். மீசையையும் வெச்சுக்கலாம்."

நாற்பத்தாறு வருடத்தில் அவருக்கு யாரும் இரண்டு பக்கம் சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. காகிதத்தை வாங்கி ஒருமுறை புரட்டினார். அதற்குள் மனப்பாடமாகியிருக்கும். திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இருக்கு தம்பி. இன்னும் ஒரு மாசம் போகட்டுமே."

"ஏன் சார்?"

"லைட்மேன் பையன் டிரைவிங் டெஸ்ட்ல மூணு தடவை பெயிலு. நாலாவது அடுத்த செவ்வாய்க்கிழமை. ரிவர்ஸ் எடுக்கறதுதான் வரலையாம். புதன்கிழமை வந்து சொல்றேன்னிருக்கார்."

இயக்குநர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"புதன்கிழமை உங்களுக்கு ஷூட்டிங் இல்லையே சார்."

"ஒரு குளோசப் போட்டுக்குங்க" என்றார் அவர்.